தண்ணீர் மேல் போட்ட பழி

கொழும்பில் அலங்கார இறால் வளர்ப்பவர்களிடையே ஒரு கருத்து மறுபேச்சில்லாமல் நிலைத்துவிட்டது. சிவப்புச் செரி இறாலை இங்கே வளர்த்தால் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் வெளிறிவிடும். காரணம் இங்குள்ள தண்ணீரும் வெக்கையும். நிறம் வேண்டுமானால் வெளிநாட்டுச் சரக்கைத் திரும்பத் திரும்ப வாங்கத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையில் கேட்டாலும் இதுதான் பதில். கொட்டாஞ்சேனையில் மாடிப்படிக்குக் கீழே தொட்டி அடுக்கி வைத்து விற்பவரிடம் கேட்டாலும் இதுதான். "தம்பி, இஞ்சத்தைத் தண்ணிக்கு நிறம் நிக்காது. அடுத்த சரக்கு வரேக்க சொல்லுறன், வந்து எடுங்கோ." ஏமாற்றும் எண்ணத்தோடு அவர் இதைச் சொல்வதில்லை, அவரும் அதை நம்புகிறார். ஆனால் அந்த நம்பிக்கை அடியோடு பிழை. அதனால் காசு போவது சின்ன விஷயம். இந்த நகரத்தில் கண்ணும் பொறுமையும் உள்ள எத்தனையோ இளைஞர்கள், தங்களால் இது முடியாது என்று தொடங்க முன்னரே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இந்த இறாலின் பூர்வீகத்தை முதலில் பார்க்க வேண்டும். நியோகரிடினா டேவிடி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1904இல் பூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்த இனம். சீனா, தாய்வான், கொரியா பக்கத்து ஓடைகளும் குளங்களும் அதன் வாழிடம். அங்கே அது சிவப்பாக இருப்பதில்லை. கண்ணாடி போன்ற உடலில் மண்ணிறமும் பச்சையும் சிதறியிருக்கும். காய்ந்த இலைமேல் அசையாமல் இருந்தால் பக்கத்தில் நின்றும் கண்டுபிடிக்க முடியாது. எப்போதாவது சிவப்புச் சாயலோடு பிறந்த குஞ்சுகளைத் தாய்வான் வளர்ப்பாளர்கள் பிரித்தெடுத்து, அதே சாயலுள்ளவற்றோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வெளிறியதைக் கழித்துக்கொண்டே வந்ததால் உருவானதுதான் இன்றைய செரி இறால். மஞ்சள், செம்மஞ்சள், நீலம், கறுப்பு என்று கடைத்தொட்டிகளில் காண்பவையும் இதே ஓர் இனத்திலிருந்து எடுத்தவைதான். சிவப்பு அதன் சொந்த நிலை அல்ல. மனிதன் விடாமல் பிடித்து வைத்திருக்கும் நிலை. பிடி தளர்ந்தால் மண்ணிறம் திரும்பும். தாய்பேயில் தளர்ந்தால் தாய்பேயில் திரும்பும், பெர்லினில் தளர்ந்தால் பெர்லினில் திரும்பும். வெள்ளவத்தைக்கென்று தனிச் சாபம் எதுவும் இல்லை.

வெக்கையைப் பற்றிய குற்றச்சாட்டு கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கொழும்பில் வீட்டுத் தொட்டியின் தண்ணீர் வருடத்தின் பெரும்பகுதி 27க்கும் 30க்கும் இடைப்பட்ட பாகை செல்சியஸில் நிற்கும். ஆனால் உலகச் சந்தைக்கு இந்த இறாலை வளர்த்து அனுப்பும் நாடுகளில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இருக்கின்றன. சித்திரை மாதத்துப் பாங்கொக் கொழும்பைவிடக் குளிர்ச்சியான ஊரா? 2015இல் ஆர்ஜென்டினா ஆய்வாளர்கள் செரி இறாலை 24, 28, 32 பாகைகளில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். 32இல் பெண்கள் முட்டை சுமக்கவில்லை. 27க்கு இறக்கியதும் சுமக்கத் தொடங்கின. ஆகவே எல்லை ஒன்று உண்டு. மேல்மாடிக் கொங்கிரீட் தட்டுக்கு நேர்கீழே தொட்டி வைத்திருப்பவர் பங்குனி, சித்திரையில் அந்த எல்லையை நெருங்குவார். அதற்கு மூடியை எடுத்துவிட்டு, சிறிய மின்விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேற்பரப்பு நோக்கித் திருப்பி வைத்தால் ஓரிரண்டு பாகை இறங்கும். எங்கள் ஈரக்காற்றில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, ஆனால் அதுவே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரில் முட்டை சீக்கிரம் பொரிக்கும், குஞ்சு சீக்கிரம் பருவமடையும். 20 பாகை நிலவறையில் வளர்க்கும் ஐரோப்பியர் ஒரு தலைமுறைக்குக் காத்திருக்கும் காலத்தைவிடக் குறைந்த காலத்தில் எங்களுக்கு அடுத்த தலைமுறை கையில் வந்துவிடும். நிறத்தை நிலைநிறுத்தும் வேலை என்பது தலைமுறைக்குத் தலைமுறை தெரிவு செய்வது. அந்த வேலையில் கொழும்பின் வெப்பம் எங்கள் பக்கம் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றியும் அளந்துதான் பேச வேண்டும். கொழும்புக் குழாய்களுக்கு வருவது களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரிக்கும் நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும். மழை கூடிய மலைச்சரிவுகளின் நீர் அது. கனிமம் குறைந்த மென்னீர். இறால் வளர வேண்டுமானால் ஓடு கழற்ற வேண்டும். புது ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். கல்சியம் போதாத தொட்டியில் பழைய ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்து, மீதி மாட்டிக்கொண்டு, அப்படியே சாகும். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, ஒரு துண்டைத் தொட்டியில் போட்டுவிட்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். குழாய் நீரில் குளோரின் உண்டு. வறட்சி முற்றும்போது களனியின் வாயால் கடல்நீர் உள்ளேறி அம்பத்தலைப் பக்கம் உப்புக் கூடுவதும் உண்டு. மீனுக்குப் போடும் செம்பு கலந்த மருந்து இறாலுக்கு நஞ்சு.

எல்லாவற்றையும்விடக் கொடியது டெங்குக்கு அடிக்கும் புகை. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான ஆண்டை யாரும் மறக்க முடியாது. புகையடிப்பதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நுளம்பைக் கொல்லும் அந்தப் பூச்சிகொல்லியின் மிகச் சிறு அளவே ஓடுடைய இந்தப் பிராணிக்கும் எமன். ஒழுங்கைக்குள் புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, காற்றுப் பம்பை நிறுத்த வேண்டும்; பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அறைக்குள் வந்த நஞ்சை நேரே தண்ணீருக்குள் ஊதிவிடும். நுளம்புச் சுருளையும் அந்த அறையில் கொளுத்தக் கூடாது.

இவை எல்லாம் உண்மையான எதிரிகள். இவை இறாலைக் கொல்லும், நலிவடையச் செய்யும், சில நாட்களுக்கு வெளிறவும் வைக்கும். ஆனால் தாயும் தகப்பனும் குஞ்சுக்குக் கொடுக்கும் மரபை இவை மாற்றுவதில்லை. காய்ச்சல்காரனின் முகம் வெளிறுவது ஒன்று, அவன் பிள்ளை வெளிறிய தோலோடு பிறப்பது வேறொன்று. கொழும்பு வளர்ப்பாளர்கள் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை உடைக்க வெளிநாட்டு ஆய்வு ஒன்றும் தேவையில்லை. கப்பி மீனைப் பார்த்தால் போதும். தென்னமெரிக்காவின் வடகரைக்கும் திரினிடாட் தீவுக்கும் உரிய அந்த மீன், நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று முன்னொரு காலத்தில் இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டது. அதன் வழிவந்தவை கொழும்பின் வடிகால்களில் இன்றும் திரிகின்றன. குனிந்து பாருங்கள்: சாம்பல் உடல், ஆண்களில் ஒரு கறுப்புப் புள்ளி, மங்கலான ஒரு மஞ்சள் தீற்று. அதே இனத்துக் கப்பிதான் இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் முதன்மையானது. சிவப்பு வால், நீல வால், பாம்புத்தோல் வரி என்று வகை வகையாகச் சீமெந்துத் தொட்டிகளில் வளர்ந்து, கட்டுநாயக்கவில் விமானமேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்தத் தொட்டிகளிலும் இதே நாட்டுத் தண்ணீர்தான், இதே வெயில்தான். அங்கே ஏற்றுமதிக்கு வளர்ப்பவர் ஆணைப் பார்த்து எடுக்கிறார், வகைக்கு ஒரு தொட்டி வைக்கிறார், பிழையாகப் பிறந்ததை அன்றே ஒதுக்குகிறார். வடிகாலில் அந்தக் கை இல்லை; பளிச்சென்று தெரிவதைக் கொக்கும் பெரிய மீனும் முதலில் பிடித்துத் தின்னும். ஜோன் எண்ட்லர் என்ற உயிரியலாளர் 1980இல் திரினிடாட் கப்பிகளை வைத்துக் காட்டியதும் இதைத்தான்: பிடித்துத் தின்னும் மீனைச் சேர்த்து விட்ட குளத்தில் சில தலைமுறைகளுக்குள் புள்ளிகள் குறைந்தன, அது இல்லாத குளத்தில் கூடின. கப்பியில் தலைமுறை தலைமுறையாக நிறத்தைக் காத்துக் காட்டிய ஒரு நாட்டில் நின்றுகொண்டு, இறாலில் நிறம் நிற்காததற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

அப்படியானால் வீட்டுத் தொட்டியில் நடப்பதென்ன? வெளிநாட்டிலிருந்து வரும் பைக்குள் இருப்பவை ஒரு பண்ணையின் சராசரி இறால்கள் அல்ல. ஆயிரக்கணக்கில் பிறந்தவற்றில் வெளிறியவற்றைக் கழித்த பிறகு எஞ்சிய மேற்தட்டு. கழித்தவை அந்தப் பண்ணையிலேயே நின்றுவிட்டன. நாங்கள் அந்தக் கழிப்பின் பலனை மட்டும் வாங்குகிறோம், கழிக்கும் பழக்கத்தை வாங்குவதில்லை. மிகச் சிவந்த தாய்க்குப் பிறந்த குஞ்சுகள் எல்லாம் மிகச் சிவப்பாக இருக்காது. பெரும்பாலானவை அந்த வம்சத்தின் சராசரியை நோக்கி இறங்கும். தாய்வானிலும் அப்படித்தான் இறங்குகின்றன. அங்கே ஒருவர் வலையோடு நிற்கிறார், இங்கே யாரும் நிற்பதில்லை.

இதிலும் பெரிய பிழை ஆண் இறாலில் நடக்கிறது. பெண் இறால் பெரிது, வயிறு தாழ்ந்து வளைந்தது, சிவப்பும் அடர்த்தி. ஆண் சிறிது, ஒல்லி, வயிற்றுக்கோடு நேராக இருக்கும். மிக நல்ல வம்சத்திலும் பெண்ணைவிட ஒரு படி வெளிறியே இருக்கும். கடையில் நின்று நிறம் பார்த்து எடுப்பவர் தெரியாமலே பெண்களாக எடுக்கிறார். "ஆணும் வேணுமே" என்று கேட்டால், எஞ்சியதில் வலையை விட்டு இரண்டு மூன்றை அள்ளிப் போட்டுவிடுகிறார் கடைக்காரர். அந்த இரண்டு மூன்றும்தான் வரப்போகும் குஞ்சுகள் அத்தனைக்கும் தகப்பன்மார். குஞ்சின் மரபில் பாதி அவற்றுடையது. அவை வெளிறிய வழியில் வந்தவையாக இருந்தால், கண்ணாடிக்கு முன்னால் நின்று மெச்சிய பெண்களின் சிவப்பு ஒரே தலைமுறையில் பாதியாகக் கரையும். பிறகு பழி தண்ணீர்மேல்.

ஆணைப் பார்க்கும் முறை எளிது, நிதானம் மட்டும் வேண்டும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி இறாலை விடுங்கள். வலைபட்ட பதற்றத்தில் அது வெளிறும். உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கால் மணித்தியாலம் போகட்டும். முதலில் கால்களைப் பாருங்கள். முதுகு சிவந்து கால் கண்ணாடியாக இருந்தால் அந்த வம்சத்தில் நிறம் இன்னும் ஊன்றவில்லை. பிறகு பக்கவாட்டில், ஓட்டின் கீழ்விளிம்பு. பிறகு வாலுக்கு முந்திய கணு; நிறம் முதலில் விட்டுப்போகும் இடம் அது. பெண்ணானால் தலைக்குப் பின்னே சேணம்போலத் தெரியும் சூலகத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் துலங்கித் தெரிந்தால் நிறப்படை மெல்லியது. தெரியாமல் மூடியிருந்தால் அடர்த்தி. இவ்வளவையும் வெளிச்சத்துக்குப் பிடித்து ஆணிலும் பார்த்து, ஐந்தில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து எடுப்பவருக்கு நிறம் போகாது.

இதைக் குஞ்சுகள் பருவமடைய முன்னரே செய்துவிட வேண்டும். பெண் ஓடு கழற்றியதும் தண்ணீரில் ஒரு மணத்தை விடும். தொட்டியில் உள்ள ஆண்கள் அத்தனையும் பித்துப்பிடித்ததுபோல் நீந்தித் திரிவதை வளர்ப்பவர் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வெளிறிய ஆண் ஒன்று மிஞ்சியிருந்தாலும் போதும். அடுத்த சில வாரம் பெண் தன் வயிற்றடியில் இருபது முப்பது முட்டையைச் சுமந்து நீந்துகால்களால் விசிறிக்கொண்டிருக்கும், அவற்றின் தகப்பன் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது கலவைப் பை. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், தொட்டியும் சில மாதம் திருவிழாவாக இருக்கும். பிறக்கும் குஞ்சுகளோ பெரும்பாலும் மண்ணிறம். இதற்கான விளக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. கேம்பிரிட்ஜில் பேற்சன், பனெற் என்ற மரபியலாளர்கள் இரண்டு வெள்ளைப்பூ இனிப்புப்பட்டாணி வகைகளைக் கலந்தபோது பிள்ளைச்செடி ஊதாவாகப் பூத்தது. ஒன்றில் பழுதுபட்ட மரபணு மற்றதில் பழுதில்லாமல் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் பழைய நிறம் மீண்டது. சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விடுபவர் தெரியாமல் இதே பரிசோதனையைச் செய்கிறார், முடிவு வந்ததும் அம்பத்தலையைக் குறைசொல்கிறார்.

தீனியால் நிறம் வரும் என்பவர்களுக்கும் ஒரு சொல். இறாலின் சிவப்புக்கு அஸ்ரசந்தின் என்ற நிறமி முக்கியம். அதை இறால் வெறுமையிலிருந்து உண்டாக்க முடியாது. பாசியிலும் இலையிலும் உள்ள கரோட்டினொயிட்டுகளை உண்டு மாற்றிக்கொள்கிறது. அவித்த முருங்கை இலையும் தொட்டியில் படரும் பாசியும் அதற்கு நல்ல உணவு. சிவக்கும் மரபுள்ள இறால் பட்டினி கிடந்தால் முழுதாகச் சிவக்காது. அதுவரை தீனிக்காரர் சொல்வது சரி. நிறம் விலகிப்போன வம்சத்தை எந்தப் போத்தல் தீனியும் திருப்பிக் கொண்டுவராது. தரையின் நிறமும் கண்ணை ஏமாற்றும். இறாலின் தோலில் உள்ள நிறக்கலங்கள் கருந்தரையில் விரியும், வெண்தரையில் சுருங்கும். கடையில் கறுப்புக் கல்லின்மேல் கண்டதை வீட்டில் வெள்ளை மணலில் விட்டால் அன்றைக்கே வெளிறும். நிறம் எங்கும் போகவில்லை. தரையை மாற்றினால் திரும்பும்.

இனி, அறிந்தவர்கள் சொல்லும் வாதம். ஒரே வம்சத்துக்குள் இனம் பெருக்கினால் பலவீனம் வரும், ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது புது இரத்தம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஜப்பானில் ஹிசயாசு சுசுக்கி என்ற வளர்ப்பாளர் 1990களில் கறுப்பு வெள்ளைத் தேனீ இறால்களிடையே பிறந்த மிகச் சில சிவப்பிலிருந்து கிறிஸ்ரல் ரெட் வம்சத்தைக் கட்டியெழுப்பினார். அவ்வளவு ஒடுங்கிய வாசலால் வந்த அந்த இறால் இன்றும் செரி இறாலைவிட நொய்மையானது. ஆனால் முன்பின் தெரியாத பையை உள்ளே ஊற்றுவது இதற்கு மருந்தாகாது. அந்தப் புது இரத்தத்தோடு என்ன மறைந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தலையில் ஒட்டி வாழும் ஸ்கூற்றரியெல்லா போன்ற ஒட்டுயிரிகளும் அதே பையில்தான் வரும். ஒரே இடத்திலிருந்து முப்பது நாற்பதோடு தொடங்கி, மூன்று தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தெரிவு செய்து, சில தலைமுறைக்கு ஒருமுறை ஒன்றின் ஆண்களை மற்றதற்கு மாற்றினால் உறவும் நெருங்காது, நிறமும் கலையாது. இருபது லீற்றர்த் தொட்டி மூன்றை நிறுத்தக் கொட்டாஞ்சேனையின் மிக ஒடுங்கிய வீட்டிலும் ஓர் இரும்பு ராக்கைக்கு இடம் இருக்கும்.

கழிப்பது பாவம் என்று தயங்குபவர்களை நான் மதிக்கிறேன். கழிப்பது என்றால் கொல்வது அல்ல. வெளிறிய இறாலும் அதே பசியோடு பாசி மேயும். செடித்தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். வாய்க்காலிலும் குளத்திலும் மட்டும் விடாதீர்கள். ஜேர்மனியில் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் இந்த இனம் குடியேறிப் பெருகிவிட்டது. அங்கே வெந்நீர் தேவைப்பட்டது, இங்கே எல்லா ஓடையும் அதற்கு வெதுவெதுப்புத்தான். இலங்கைக்கே உரிய கரிடினா இறால்கள் எங்கள் ஆறுகளில் இருக்கின்றன, ஹோர்ட்டன் சமவெளியின் கரிடினா சிங்ஹலென்சிஸ் வேறெந்த நாட்டிலும் இல்லை. அவற்றின் பங்கைப் பறிக்க எங்களுக்கு உரிமையில்லை.

2022இல் அரிசிக்கும் பெற்றோலுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது. அப்படிப்பட்ட காலத்தில் அலங்கார இறாலுக்கு டொலர் ஒதுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது. சரக்கு வந்தால்தான் நிறம் என்றிருக்கும் தொழில் அந்த இடத்திலேயே செத்துவிடும். நீரியல் வளங்களை ஆராய 1981இல் உருவான நாரா நிறுவனம் மட்டக்குளி காக்கைதீவில், கொட்டாஞ்சேனையிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் இருக்கிறது. அலங்கார மீன் வளர்ப்பைக் கற்பிக்க ரம்படகல்லையில் அரச நிலையமே இருக்கிறது. கப்பிக்குச் செய்ததை இறாலுக்கும் செய்யுங்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். அதுவரை கடைக்காரர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. விற்கும் பையில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுங்கள்: எந்த வம்சம், இங்கே பிறந்த எத்தனையாம் தலைமுறை, ஆண்கள் எத்தனை, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தவை. வாங்குபவர்களும் பெண்ணைப் பார்க்க முன்னர் ஆணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஆணுக்குப் பெண்ணைவிடக் கூடிய விலை கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.